அன்செல்ம் ருவானேயும் அறுநூறு கொடிகளும்

என் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. உடைத்தவன் அன்செல்ம் ருவானே. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. செய்தது தப்பு என்று ஒரு நாள்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. போன பிப்ரவரியில் அவனைப் புதைத்தோம். என் கோபம் இன்னும் மேலேதான் கிடக்கிறது.

பலகைக்கல் சரிவில் அவன் தோட்டம். பேருக்கு வேறு திராட்சைக் கொடிகளும் உண்டு. அவன் உயிர் மேல்சரிவில் நின்ற அறுநூறு கரிஞான் ரகக் கொடிகளில் இருந்தது. முதல் உலகப் போருக்கு முன்னால் அவன் தாத்தா நட்டவை. பந்தல் கிடையாது. முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றும் தன் காலிலேயே நிற்கும். கொடிக்கு ஒரு பாட்டில் தேறினால் நல்ல வருஷம். அந்தச் சிவப்பு ஒயின் நாக்கைக் கவ்விப் பிடிக்கும். எனக்கு வருணிக்கத் தெரியாது. காட்டுப்பன்றிக் கறியோடு அதைக் குடித்தவன் வேறு ஒயினைத் தரையில் ஊற்றுவான், அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் அவன் ஜெயில் பார்த்தவன். வெளிநாட்டு ஒயின் ஏற்றிவந்த டேங்கரை ஊர்க்காரர்கள் மறித்தபோது வால்வைத் திறந்துவிட்டவன் அவன்தான். ரோடு முழுக்கச் சிவப்பாக ஓடியது. டிரைவரின் பல் இரண்டு அந்தக் கைகலப்பில் போயிற்று. பதினோரு நாள் உள்ளே இருந்தான். அவன் அப்பா கொடிகளுக்கு மருந்தடித்தே நுரையீரல் வெந்து, ரத்தமாகக் கக்கிச் செத்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்செல்ம், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கொட்டகையில் இருந்த மருந்து டின்களை எல்லாம் கோடாலியால் பிளந்தான். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஒரு சொட்டு விஷம் விழவில்லை. நான் விழவைக்கும் வரை.

அப்போது நான் கீழ்த்தோட்டக்காரனிடம் மருந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மருந்தடிக்கிறவன் காற்று எந்தப் பக்கம் என்று முதலில் சைப்ரஸ் மரத்தின் நுனியைப் பார்ப்பான். நானும் பார்த்தேன். வாடைக்காற்று, களைக்கொல்லி சமவெளிப் பக்கம் போய்விடும். மதியம் ரொட்டியும் சாசேஜும் தின்றுவிட்டு, நுனியை மறுபடி பார்க்காமலே வண்டியை எடுத்தேன். அதற்குள் கடல் காற்றாகத் திரும்பிவிட்டது. மருந்து புகை மாதிரி சரிவில் ஏறியது.

அன்செல்ம் பிக்காசுக் கட்டையோடு இறங்கி வந்தான்.

“காத்தப் பாத்தியாடா?”

“காலையில பாத்தேன்.”

“தின்னதுக்கு அப்புறம்?”

முதல் அடி மெஷினுக்கு, இரண்டாவது என் கைக்கு. நான் சாப்பாட்டுப் பையில் இருந்த பாட்டிலை எடுத்து அவன் காதோடு சாத்தினேன். அந்தக் காது அன்றைக்கே செத்தது. நாற்பத்தொரு கொடி பிறகு செத்தது. அந்தத் தோட்டத்து ஒயினில் மருந்தடிக்காதது என்கிற இயற்கை முத்திரை ஒட்ட மூன்று வருஷம் தடை. செத்த இடங்களில் அதே கொடிகளின் குச்சியை வெட்டி நட்டு, மறுபடி அறுநூறு ஆக்கினான்.

போலீஸ் வந்தது. எங்கள் ஊரில் பக்கத்துத் தோட்டக்காரன் மேல் எவனும் புகார் கொடுக்க மாட்டான். படியில் விழுந்தேன் என்று நான் சொன்னேன். அவனும் அதையே சொன்னான். ரெண்டு பேரும் ஒரே படியிலா என்று கேட்டுவிட்டு நோட்டை மூடினார் போலீஸ்காரர்.

மெஷின் போனதால் எனக்கு வேலையும் போயிற்று. குளிர்காலத்தில் என் கதவைத் தட்டியது அவன்தான்.

“கொடி வெட்டுற கத்திரி இருக்கா?”

“விரல் மடங்காது.”

“கவாத்துக்கு வலது கைதானடா.”

போனேன். வேறு வழி இல்லை. சேர்ந்து நிலத்தைக் கொத்தினோம், பழம் பறித்தோம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

போன வருஷம் கொடிகளுக்கு நோய் வந்தது. இலை கோடையிலேயே சிவந்து சுருளும், தண்டு ரப்பர் மாதிரி தொங்கும். தத்துப்பூச்சி ஒரு கொடியிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிவிடும். மருந்து கிடையாது, வந்த கொடியை வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு துண்டு நிலத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டால் அந்தத் துண்டு மொத்தத்தையும் அழிக்க வேண்டும் என்பது சட்டம். செப்டம்பரில் ஊர்க்காரர்களே வரிசை வரிசையாக நடந்து நோய்க்கொடியில் நாடா கட்டுவோம். தன் தோட்டத்தில் தானே கட்டக்கூடாது. ருவானே தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். அவனிடம் கூலி வாங்கும் நான் சலுகை காட்டுவேன் என்று எவனும் நினைக்கவில்லை. எங்கள் பகை ஊருக்கே தெரியும். அவன் துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் கடைசியாக, தொண்ணூற்றேழாவது நாடாவை முடிந்தபோது வானத்தைப் பார்த்துச் சுட்டான். அறுநூற்றுக்கு எல்லை நூற்றிருபது. அந்த வருஷம் தோட்டம் தப்பியது.

அக்டோபரில் ஒரு காலை மேலே போனேன். அவன் நாடாக்களை அவிழ்த்து ஜேபியில் திணித்துக்கொண்டிருந்தான்.

“இதுங்கள விட்டா அடுத்த வருஷம் எல்லாமே போயிடும், பெருசு. திரும்பக் கட்டு.”

“நாப்பத்தொண்ணக் கொன்ன பய எனக்குச் சொல்றியா?”

கவாத்துக் கத்திரியால் கன்னத்தில் இழுத்தான். ரத்தம் கழுத்தில் இறங்கியது. இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் தள்ளினேன். பின்னால் சரிவைத் தாங்கும் கல்லுக்கட்டுச் சுவர். அதற்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு விழுந்தான். இடுப்பு நொறுங்கி, விலா எலும்பு நுரையீரலில் குத்தியது. தூக்க வந்தவர்களிடம் வழுக்கி விழுந்தேன் என்றான். நான் மேலே போய் நாடாக்களைத் திரும்பக் கட்டினேன்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு சரிவு தெரிகிற ஜன்னலோரம் கட்டில். மூச்சு ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும். துலூஸ் நகரத்தில் டீச்சராக இருக்கும் அவன் மகள் மகலோன் சனிக்கிழமை தோறும் வந்தாள். தோட்டம் இனி அவளுக்குத்தான். ஜனவரி கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினான். என் கன்னத் தழும்பைப் பார்த்தான். மார்ச்சுக்குள் தொண்ணூற்றேழையும் நானே பிடுங்க வேண்டும், மெஷின் கூடாது, பக்கத்துக் கொடியின் வேரை அது அறுத்துவிடும் என்றான். சரி என்றேன்.

“மகலோன் வருவா. இந்த ஒண்ணையாவது விடுங்க, கொள்ளுத்தாத்தா நட்டதுன்னு அழுவா. விடாத. முன்னாடி வந்து நின்னா, என்னத் தள்ளுன மாதிரி தள்ளிட்டுத் தோண்டு.” இருமி முடித்தான். “ஆனா சுவர் பக்கமாத் தள்ளாதடா.”