இதுவா அதுவா அண்ணன்

இரண்டு கேமராக்களுக்கும் நடுவே நின்று அவர் ஒருமுறை ஓங்கிக் கையைத் தட்டுகிறார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிறகு இரண்டு படங்களையும் ஒரே நொடியில் பொருத்த முடியும். தட்டிவிட்டு, எதிரே நாற்காலியின் மேல் இருக்கும் தலையைப் பார்த்து, "அசையாத" என்கிறார். தலை அசைவதில்லை. துணிக்கடைக்காரர் கழித்துப்போட்ட பொம்மைத் தலை அது. மூக்கு நுனியில் சாயம் உரிந்திருக்கிறது. "நல்ல பிள்ள" என்று அதைப் பாராட்டிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து அளவுகளைக் குறித்துக்கொள்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை.

அவருடைய தொழிலை ஒருவருக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கையடக்கமான சினிமா கேமராக்கள் இரண்டை ஒரே விளக்கில், ஒரே முகத்தின் முன்னால் வைத்துப் படம் பிடித்து, எது தேவலாம் என்று இணையத்தில் சொல்கிறார். முதலாளி கிடையாது, உதவியாள் கிடையாது. கடைக்காரர் ஒருவர் புதிதாக வரும் சரக்கை ஒரு வாரத்துக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். பார்க்கிறவர்களும் இவரைப்போல ஒற்றை ஆட்கள்தான். ஒரு தோளில் கேமரா, மறு தோளில் விளக்கு, கக்கத்தில் ஸ்டாண்டு என்று கல்யாணம், குறும்படம், ஆவணப்படம் எதற்கும் போய் நிற்பவர்கள். வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இதுவா அதுவா?" கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. வயது ஐம்பத்தாறு. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் அவர் அண்ணன்தான்.

பதில் சொல்வதில் அண்ணன் வழவழா கொழகொழா எல்லாம் கிடையாது. "காகிதத்துல எல்லாமே சூரப்புலிதான். மூஞ்சி முன்னால வச்சாத்தான் சாயம் வெளுக்கும்" என்பார். கேமராவைச் சுற்றி மாட்டுகிற உலோகக் கூட்டின் மேல் ஆசைப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "முதல்ல ரெண்டு பேட்டரி வாங்குப்பா. நகை போட்டுக்கிட்டுப் பட்டினி கிடக்காத." சட்டைப் பையில் எப்போதும் ஒரே ஒரு ஸ்க்ரூ வைத்திருப்பார், கேமராவை ஸ்டாண்டில் பொருத்துகிற ஸ்க்ரூ. இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்த காலத்தில் அது இல்லாமல் ஒரு தடவை கேமராவை மூன்று மணி நேரம் கையிலேயே தாங்கிக்கொண்டு நின்றாராம். "அன்னிக்குப் போன தோள்பட்டை இன்னும் திரும்பி வரல." சட்டை துவைக்கப் போனாலும் ஸ்க்ரூ அடுத்த சட்டைக்கு மாறிவிடும்.

ஆயிரக்கணக்கானவர்கள் அவரைப் பார்க்கிறார்கள், ஆனால் அவர் முகம் ஒருவருக்கும் தெரியாது. படத்தில் அவருடையதாக வருவதெல்லாம் இரண்டு கைகளும் ஒரு குரலும்தான். ஒரு நாள் கேமராக் கடையில் அவர் ஒரு லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே... கையைக் காட்டுங்க." இவர் காட்டினார். வலது கட்டைவிரலில் இருந்த வெட்டுத் தழும்பைப் பார்த்ததும் அந்த மனிதர் துள்ளிக் குதித்தார். "அண்ணே! நீங்களா!" உடனே செல்போனை எடுத்து அந்தக் கையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அண்ணன் இதை ஒரு நகைச்சுவையாகத்தான் எல்லோரிடமும் சொல்வார். சொல்லி முடித்தபின் சிரிப்பது பெரும்பாலும் அவர் மட்டும்தான்.

அவருடைய படங்களில் ஒரே ஒரு முகம்தான் உண்டு. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவர் மனைவி. மனிதத் தோலின் நிறத்தை எந்தக் கேமரா சரியாகக் காட்டுகிறது என்பதுதான் பரீட்சை, அதற்கு ஒரே முகம் திரும்பத் திரும்ப வேண்டும். வெளிச்சம் மாறக் கூடாது என்பதற்காக அறையின் ஒரே ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்து, சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பெரிய தலை வைத்த சின்ன ஆணிகளை அடித்துவிட்டார். நாற்காலி அந்தத் துணிக்கு முன்னால்தான். அதன் நான்கு கால்களும் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறார். விரலளவு நகர்ந்தாலும் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும்.

"வீட்ல ஒரு ஜன்னல்தான். அதையும் மூடிட்டீங்க. பகல்ல லைட்டு போட்டுக்கிட்டு உட்காந்திருக்கறது நாம ரெண்டு பேருதான்" என்பார் அந்த அம்மாள். "இந்த லென்ஸ் முடியட்டும், கழட்டிடலாம்" என்பார் இவர். ஒரு லென்ஸ் முடிந்தால் இன்னொரு லென்ஸ் வந்து நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால், மகளுக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம், ஒரு சண்டையில் அந்த அம்மாள் நேராகவே கேட்டுவிட்டார்: "உங்களுக்கு நான் வேணுமா, சேர்ல உட்கார ஆள் வேணுமா?"

அண்ணனுக்குத் தொழில் புத்தி, யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ரெண்டும்தான்" என்றார்.

மறுநாள் அந்த அம்மாள் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகள் ஊருக்குப் போனார். ஆறு மாதம் என்று போனது, இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதன்பிறகுதான் பொம்மைத் தலை வந்தது. "அண்ணே, அம்மா எங்கே?" என்று பார்ப்பவர்கள் கீழே எழுதிக் கேட்பார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறவர் அந்தக் கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுவார். ஒருமுறை புதுக் கேமரா ஒன்று பொம்மையின் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டியது, ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். "மனுஷின்னு நெனச்சிடுச்சு, பாவம்" என்றார் அண்ணன். சாப்பாட்டை அடுப்படியிலேயே நின்றபடி முடித்துக்கொள்கிறார். உட்காரலாம் என்றால் வீட்டில் நகர்த்தக்கூடிய நாற்காலி எதுவும் இல்லை.

போன வாரம் அந்த அம்மாள் வந்தார். பல்லுக்குப் போட்டிருந்த மூடி கழன்றுவிட்டது, பழைய டாக்டரிடம்தான் காட்டுவேன் என்று ஒரு நாள் பயணமாக வந்திருந்தார். டாக்டரிடம் போய்வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசத்துல இருந்து பாப்பா ப்ளே ஸ்கூல் போறா. அப்புறம் அங்க எனக்குப் பெரிசா வேலை இல்ல. இங்க வரதா, அங்கயே இருந்துடறதான்னு நீங்கதான் சொல்லணும்."

ஊருக்கெல்லாம் இதுவா அதுவா சொல்கிற மனிதருக்கு, வா என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், நாற்காலிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிடுவாளே என்று பயம். பயத்தில் அவர் வாயிலிருந்து வந்ததோ அதைவிட மோசம். "சொல்றேன்... திங்கக்கிழமை கேமரா ரெண்டையும் திருப்பிக் கொடுக்கணும். ஒரு அரை மணி நேரம் உட்காந்தேன்னா..."

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொம்மைத் தலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு கேமராவில் திரை இருந்தது. மற்றது திரையே இல்லாத, செங்கல்லைவிடச் சின்னதான ஒரு பெட்டி. படம் ஓடுகிறதா என்று காட்ட அதில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது மனைவியின் மூக்குக்கண்ணாடியில் பொட்டுப்போலப் பிரதிபலித்தது. அண்ணன் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினார். கையைத் தட்டினார். "அசையாத" என்றார். அரை மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாயங்காலம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபின் அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டார், "சொல்றேன்னீங்க." "போன்ல சொல்றேன்" என்றார் இவர். நான்கு நாள் ஆகியும் சொல்லவில்லை. போனைக் கையில் எடுப்பார், பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார், வைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு படங்களையும் பொருத்தலாம் என்று உட்கார்ந்தார். முதல் கேமராவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெட்டிக் கேமராவின் படத்தைப் போட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அதில் ஒரே பொத்தான்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறு தடவை அழுத்தினால் நிற்கும். ஆரம்பத்தில் விரல் தவறி இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். அதன்பிறகு எல்லாமே தலைகீழ். ஓடுகிறது என்று நினைத்தபோதெல்லாம் நின்றிருக்கிறது. நிறுத்திவிட்டோம் என்று நினைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது. "சிவப்பு லைட்டைப் பாரு, சிவப்பு லைட்டைப் பாரு" என்று இந்தத் தவறைப் பற்றி மட்டும் நாலு வீடியோ போட்டிருக்கிறார். அந்த விளக்கைத்தான் தன் கையாலேயே மூடியிருக்கிறார். பரீட்சை மொத்தமும் பாழ். அழித்துவிடலாம் என்று கை போனது. அப்போது திரையில் அவருடைய தொப்பை குறுக்கே வந்தது. ஒரு கை நீண்டு மனைவியின் தோளில் இருந்த நூலை எடுத்தது. "லென்ஸ் ஃபில்டரை எங்க வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார். அண்ணன் அழிக்காமல் பார்த்தார்.

ஆள் போனதும் அந்த அம்மாள் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்தார். திரும்பி, ஜன்னல் துணியின் இடது கீழ்மூலைக்குப் போனார். அங்கே இருந்த ஆணியை நகத்தாலேயே நெம்பி எடுத்தார். துளியும் தடுமாறவில்லை, இருட்டில் வீட்டுப் பூட்டைத் திறக்கிறவரின் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. மூலைத்துணியை மடித்தார். கறுப்பில் ஒரு சின்ன முக்கோணம் வெள்ளையாகத் திறந்தது. அதில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேமராவின் ஃபோகஸ் படு மந்தம் என்று அண்ணன் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தார். அது நிதானமாக அந்த அம்மாளின் பின்னாலேயே போய், நரைத்த பின்னந்தலையைத் துல்லியமாகப் பிடித்தது.

படத்தில் அந்த அம்மாளின் போன் அடித்தது. "ஆங், சொல்லும்மா... பல்லு பரவால்ல... இல்ல, இன்னும் ஒண்ணும் சொல்லல." துணியின் மடிப்பை விரலால் நீவினார். "ஃபில்டர் தேடறாரு."

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் துணியை இழுத்துவிட்டு, ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினார். வந்து உட்கார்ந்தார். குனிந்து, நாற்காலியின் கால்கள் டேப்பின் மேல் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பரீட்சைக்குரிய முகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "ரெடியா?" என்றது அண்ணனின் குரல். "ரெடி." அத்தோடு படம் நின்றது.

அண்ணன் அதை மூன்று முறை பார்த்தார். பதினோரு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த முகம். அதற்கு இப்படி ஒரு முதுகு இருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. எத்தனை தடவை உள்ளே ஃபில்டர் தேடப் போயிருப்போம் என்று நினைத்தார்.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். இடது கீழ்மூலை ஆணி தொட்டதும் கையோடு வந்தது. அந்த மூலையில் மட்டும் துணி நைந்து மெத்தென்று இருந்தது. மற்ற மூன்று ஆணிகளும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன, குறடு போட்டுத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வருடத் தூசியோடு துணி அவர் தலையிலேயே விழுந்தது. நாலு தும்மல் தும்மினார். மறுபடி நாற்காலியில் ஏறியிருந்த பொம்மைத் தலையைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை டேப்பிலிருந்து நகர்த்தி, ஜன்னலை ஒட்டி வெளியே பார்த்தாற்போலப் போட்டார்.

உயர்ந்த ரகக் கேமராக்கள் இரண்டும் ஸ்டாண்டில் தயாராக நின்றன. அவர் பையிலிருந்து செல்போனை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டு ஒரு படம் எடுத்தார். படம் கோணல். நாற்காலி பாதி வெட்டுப்பட்டிருந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஓரத்தில் அவர் கட்டைவிரல், தழும்போடு. வேறு யாராவது அனுப்பியிருந்தால் கழுவிக் கழுவி ஊற்றியிருப்பார். இன்னொன்று எடுக்காமல், ஒரு வார்த்தை எழுதாமல், அதை அப்படியே மனைவிக்கு அனுப்பினார்.