உப்பு ஜாஸ்தி என்று எழுதியவர்

தில்லி துவாரகாவில் வீட்டிலிருந்தே இட்லிப்பொடி, பருப்புப்பொடி செய்து இணையத்தில் விற்கிறேன். வாங்கியவர்களின் கருத்துகளைக் கடைப்பக்கத்தில் காட்டும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டிவந்தேன். சந்தாவை ஏற்றிக்கொண்டே போனார்கள், நிறுத்திவிட்டேன். மறுநாள் ஒரு கருத்துகூட இல்லை!

போன் செய்து கத்தினேன்.

"எல்லாம் எங்க சர்வர்ல இருக்கு மேடம். திரும்பச் சந்தா கட்டினா வரும்," என்றான் அந்தக் கம்பெனி ஆள்.

"எழுதினது என் கஸ்டமர், தம்பி!"

போனை வைத்துவிட்டான்.

என் மகள் எங்கள் சொந்த சர்வரிலேயே கருத்துகளைக் காட்டும் இலவசப் பிளகின் ஒன்றைப் போட்டாள். "இனிமே யாரும் தொட முடியாதும்மா."

அதில் வந்த முதல் கருத்து, ஜனக்புரி வாடிக்கையாளர் ஒருவருடையது: "உப்பு ஜாஸ்தின்னு எழுதியிருந்தேன். அதனாலதான் அழிச்சிட்டீங்களா?"

மறைத்தது அந்தக் கம்பெனி, மன்னிப்புக் கேட்டது நான். அந்தக் கருத்தை நீக்கும் பொத்தான் இப்போது என் கையில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.