அடி வெட்டிய சார்ட்

கரன்ட் பில்லில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததை, பாதியாகக் குறைந்ததுபோல் ஒருமுறை படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதில் பொய்யான எண் ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் திறமையை இன்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நான் எனர்ஜி ஆடிட்டர். கம்பெனி கம்பெனியாகப் போய், கரன்ட் எங்கே வீணாகிறது என்று சொல்லிப் பிழைப்பவன். தேங்காய்த்திட்டில் ஐஸ் பிளான்ட் நடத்தும் செல்வி அம்மா, என் பேச்சைக் கேட்டு இரண்டு கம்ப்ரசர்களில் ஒன்றை மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாத பில் சராசரி நாலு லட்சத்திலிருந்து மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு இறங்கியது. இரண்டாவதையும் மாற்ற, பங்குதாரரான அவர் தம்பியின் கையெழுத்து வேண்டும். தம்பி பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்.

வெறும் டேபிளைக் கொடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று பார் சார்ட் போட்டேன். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் இரண்டு தூணும் ஏறக்குறைய ஒரே உயரம். என் உழைப்பே தெரியவில்லை. அளவை மூன்று லட்சத்து இருபதாயிரத்திலிருந்து ஆரம்பித்தேன். புதுத் தூண் பழையதில் பாதியாகிவிட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

தம்பி பார்த்த உடனே, "சூப்பர்க்கா! பாதியா கொறஞ்சிருக்கு" என்று பேனாவை எடுத்தார்.

"இருடா." செல்வி அம்மா தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "சார், இதோட அடி எங்க?"

"அடியா?"

"ஐஸ் கட்டி அடியிலதான் மொதல்ல கரையும். எதுவா இருந்தாலும் நான் அடியத்தான் பாப்பேன். இங்க மூணு லட்சத்து இருபதாயிரத்துலேர்ந்து ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ இருந்தத எங்க வெட்டிப் போட்டீங்க?"

பைக்குள் கிடந்த டேபிளை எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மாதம், பழைய பில், புது பில். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

"பத்துல ஒண்ணு மிச்சம். இதுவே எனக்குப் போதுமே சார்! எதுக்குப் பாதின்னு படம் காட்டுனீங்க? இப்ப இந்த டேபிளையும் நம்புறதா வேணாமான்னு இருக்கு."

பேனா தம்பியின் சட்டைப் பைக்குத் திரும்பியது. எல்லா பில்லையும் எடுத்து வைத்துச் சரிபார்த்த பிறகுதான் முடிவு என்றார் அம்மா. அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. இரண்டாவது கம்ப்ரசர் தம்பியின் அடுத்த லீவு வரை காத்திருந்தது, நானும்தான்.

இப்போதெல்லாம் முதலில் டேபிள். கேட்டால் மட்டும் சார்ட், அதுவும் பூஜ்யத்திலிருந்து.

மறு வருஷம் கையெழுத்தான அன்று, மனசு கேட்காமல் செல்வி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, உங்கள நான் தப்பா நெனைக்கல சார்" என்றார். "ஏமாத்துறவங்க இன்னும் கொஞ்சம் நல்லா வரைவாங்க."