முழுக்கைச் சட்டை

என் படம் மாட்டப்போகிற ஆணியைக் காட்டவென்று, நல்லூரில் எங்கள் கழகத்தார் புதிதாகத் திறந்திருக்கும் பில்லியட்ஸ் மண்டபத்துக்கு மகன் என்னைக் கூட்டிப்போனான். கோலின் நுனிக்குப் பூசும் நீலச் சோக்கின் வாசம் மூக்கில் ஏறியதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போது ரியூசன் நிலையமாகிவிட்ட எங்கள் பழைய மண்டபமும் இப்படித்தான் மணக்கும்; பச்சைத் துணி இழுத்து விரித்த ஒரே மேசை, அதன்மேல் தாழத் தொங்கும் விளக்கு, பந்தோடு பந்து முட்டும் அந்தச் சின்ன ஒலிக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் சனம்.

கோலைத் தவிர விரலோ உடுப்போ பந்தில் பட்டால் பிழை; பிழை விட்டால் விட்டவனே சொல்ல வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். எனக்குப் பதினாறு வயதில் நடந்த இறுதியாட்டத்தில், எனக்கு எதிராக ஆடிய தொண்டைமானாற்றுச் செல்வன் வெல்லப்போகும் நேரத்தில் நிமிர்ந்து, "என்ரை விரல் பந்திலை பட்டிட்டுது" என்று தானாகவே சொல்லி, முறையை எனக்கு விட்டு விலகினான். வேறு ஒருவரும் கண்டிருக்கவில்லை. அடுத்து நான் குனிந்தபோது என் முழுக்கைச் சட்டையின் கைநுனி உரசி ஒரு பந்து நெல்லளவு அசைந்தது. நான் வாய் திறக்கவில்லை. கோப்பையோடு வீட்டுக்குப் போனேன்.

போன கிழமை கனடாவிலிருந்து செல்வன் கதைத்தான்.

"புது மண்டபத்துச் சுவரிலை ஆரின்ரை படம் போடுறதெண்டு கழகக்காரர் கேட்டவை. உன்ரை பேரை நான்தான் குடுத்தனான்."

போனை வைக்கமுன் கேட்டான்: "இப்பவும் முழுக்கைச் சேட்டே போடுறனீ?"

அன்றைக்குப் பிறகு நான் முழுக்கைச் சட்டை போட்டதேயில்லை.