ஐந்து பெல்ட், எட்டு பேர்: திருச்சி ஏர்போர்ட் போய் வந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதாகியும் போன சனிக்கிழமைவரை எனக்கு சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாது. மாட்டியதே இல்லை, பிறகு கழற்றுவதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? காரில் போனதில்லையா என்று கேட்காதீர்கள். நிறையப் போயிருக்கிறேன். காரைக்கால்காரர்கள் கார் ஏறினால் அரை மணி நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். செக்போஸ்ட் தெரிந்ததும் டிரைவர் குரல் கொடுப்பார். பெல்ட்டை இழுத்து முந்தானை மாதிரி தோளில் பிடித்துக்கொள்வோம். செக்போஸ்ட் தாண்டியதும் விட்டுவிடுவோம், அது சர்ரென்று உள்ளே ஓடிப்போகும். பெல்ட் என்பது போலீஸ்காரருக்குக் காட்டுகிற பொருள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் தங்கை ஷமீமா துபாயிலிருந்து இரண்டு வயது மகள் ஹனாவோடு திருச்சிக்கு வந்து இறங்கினாள். அழைத்து வரப் போன கதைதான் இது. இதே மாதிரி கைப்பிள்ளையோடு வருகிறவர்களை அழைக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அழைக்க ஒரு வண்டி ஆள் போகும். போகாதவர்களுக்குக் கோபம் வரும். அதனால் ஷமீமாவின் மாமனார், என் வீட்டுக்காரர், நூரு என்கிற நான், பக்கத்து வீட்டு ரஹீமா, ரஹீமாவின் தங்கை என்று ஐந்து பேர் கிளம்பினோம். ரஹீமாவுக்கும் அவள் தங்கைக்கும் ஷமீமாவிடம் ஒரு வேலையும் இல்லை. விமானம் இறங்குவதைப் பார்க்க வந்தார்கள்.

வண்டி ஏழு பேர் உட்காருகிற கார். போக வர டீசலோடு ஐயாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் வரிச்சிக்குடி செல்வமணி. நல்ல பையன், ஆனால் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெல்ட் போடாவிட்டால் டொய்ங் டொய்ங் என்று கத்துகிற வண்டி அது. அவர் பெல்ட் போடவில்லை, வண்டியும் கத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். பெல்ட் நுழைகிற பூட்டில் வெறும் இரும்பு நாக்கு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். பெல்ட் இல்லை, நாக்கு மட்டும்.

"என்ன தம்பி இது?"

"அது சத்தம் போடாம இருக்கக்கா. கடையிலயே விக்கிறாங்க."

"ஏமாத்துறது யாரை? வண்டியையா, உங்களையா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்கக்கா" என்று சிரித்தார். சிரிக்கிற டிரைவரை நான் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். திருநள்ளாறு, அம்பகரத்தூர், பேரளம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். கும்பகோணத்தில் டிபனுக்கு நிறுத்தியதையும் சேர்த்து நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சாலை பரவாயில்லை. ரஹீமா கொண்டுவந்த முறுக்கு வழியெல்லாம் நொறுங்கியது. அந்த முறுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தரைக்கு ஷமீமா வெளியே வந்தாள். இடுப்பில் ஹனா, தள்ளுவண்டியில் மூன்று பெட்டி, அவற்றின் மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைப் பார்த்ததும் ரஹீமா என் காதில், "டிவி லாத்தா" என்றாள். அக்காவைத்தான் நாங்கள் லாத்தா என்போம். என் வீட்டுக்காரர், "இல்ல, மிக்ஸி செட்டு" என்றார். எனக்கு இரண்டும் இல்லை என்று தோன்றியது. டிவியை யாரும் பிள்ளையை விடப் பத்திரமாகத் தூக்கிவர மாட்டார்கள்.

திறந்தால் உள்ளே ஒரு குட்டி நாற்காலி. வார், பூட்டு, மெத்தை எல்லாம் வைத்தது. ஹனா காரில் உட்காருகிற சீட்டாம். பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனதே இது மாதிரி ஒன்றில்தானாம். இது கொஞ்சம் பெரிசு.

மாமாவுக்கு, அதாவது ஷமீமாவின் மாமனாருக்கு, முகம் சுருங்கிவிட்டது. எழுபது வயது மனிதர். பேத்தியைப் பிறந்த புதிதில் ஒரு மாதம் பார்த்ததோடு சரி. ஊர்வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போகத்தான் முன் சீட்டைக் காலையிலேயே ஓடிப் பிடித்தார்.

"பிள்ளைய நாக்காலில கட்டிப் போடுறதா? என் மடி இருக்கும்போது?"

"மடியில வேணாம் மாமா" என்றாள் ஷமீமா. "வண்டி சடன் பிரேக் அடிச்சா யாராலயும் பிடிக்க முடியாது. அதுவும் முன்னாடி சீட்டுல வேணவே வேணாம். ஏர்பேக் வெடிச்சு விரிஞ்சா மொதல்ல பிள்ளை மேலதான் அடிக்கும்."

"உன் புருசனையே மடியில பிடிச்சு வளத்தவன் நான். இவளைப் பிடிக்க மாட்டேனா?"

செல்வமணி சமாதானம் பேச வந்தார். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ங்க. பின்னாடி சீட்ட மடக்கிப் பெட்டியப் போட்டுட்டா, நடுவுல நாலு பேரு, முன்னாடி பாய், அவர் பக்கத்துல..."

"எத்தனை பெல்ட்டோ அத்தனை பேரு" என்றாள் ஷமீமா.

கணக்குப் போட்டோம். பெட்டிகளுக்காகப் பின் வரிசையை மடக்கினால் மிச்சம் ஐந்து இடம். டிரைவரோடு ஆள் எட்டு. மூன்று பேர் இறங்க வேண்டும். ரஹீமாவும் அவள் தங்கையும் விமானத்தைப் பார்த்தாகிவிட்டது, அவர்கள் பேருந்தில் போகலாம். மூன்றாவது யார்? என் வீட்டுக்காரர் திடீரென்று வானத்தைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக அப்படிப் பார்த்துப் பழகியவள். அவரே பையை எடுத்துக்கொண்டார்.

இடம் கிடைத்தது, பெல்ட்டைக் காணோம். நடு வரிசையில் தோள்பக்கம் பெல்ட் தொங்குகிறது, மாட்டுகிற பூட்டு கீழே இல்லை. ரெக்ஸின் கவர் வழவழவென்று மூடியிருந்தது.

"எங்க தம்பி பூட்டு?"

"இருக்குங்கக்கா."

"இருக்குன்னா?"

"உள்ள இருக்கு. குத்துதுன்னு ஏறுறவங்க எல்லாம் சொல்றாங்க, அதான் கவர் போடும்போது உள்ள தள்ளித் தச்சுட்டாங்க."

அறுத்து விற்றுவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் கையை விட்டேன். ஒரு ஹேர்பின் வந்தது. ஒரு மிட்டாய்க் காகிதம். அரை முறுக்கு, அது எங்களுடையது. இன்னொரு முறுக்குத் துண்டு, அது எங்களுடையது இல்லை. கடைசியில் விரல் நுனியில் கெட்டியாக ஒன்று பட்டது. பூட்டுதான். ஆனால் மேலே தையல்.

ரஹீமாவின் பையில் பழம் நறுக்குகிற கத்தி இருந்தது. வாங்கி ஒரு கீறல்.

"அய்யோ அக்கா, புதுக் கவரு!"

"புதுப் பிள்ளை தம்பி" என்றேன். மற்ற இரண்டு கீறலை அவரே போட்டார். நேராகவும் போட்டார்.

ஷமீமா அந்தச் சீட்டை மாமாவுக்குப் பின்னால் ஜன்னலோரம் வைத்தாள். பெல்ட்டை அதன் அடியில் இருக்கிற வழியாக விட்டு மாட்டி, முட்டியால் அழுத்திக்கொண்டே இறுக்கினாள். பிறகு பிடித்து ஆட்டினாள். "அசைஞ்சா சரியில்ல லாத்தா" என்றாள். நானும் ஆட்டிப் பார்த்தேன், நம்பாமல்தான். சீட் அசையவில்லை, கார் அசைந்தது. ஹனாவின் வாரை இறுக்கி, தோள்மேல் கிள்ளிப் பார்த்தாள். வார் கிள்ளலில் வந்தால் தளர்வு, வராவிட்டால் சரியாம்.

இதில் இன்னொரு கூத்து, பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டுமாம். சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து மெலிசு. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் அடி விழும்போது சீட்டின் முதுகே முழுசாகத் தாங்கிக்கொள்ளுமாம். அந்தச் சீட்டில் எழுதியிருக்கிற எடை தாண்டும்வரை அப்படித்தான். மாமா திரும்பிப் பார்த்தால் நாற்காலியின் முதுகு மட்டும் தெரிகிறது.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்த பிள்ளை எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார்.

"பழகின பிறகு மூஞ்சக் காட்டும் மாமா, மாப்பிள்ளை வீட்ல மொத நாள் எல்லாரும் அப்படித்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பெல்ட் போட்டார். நானும் போட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. கீழ் வார் வயிற்றுக்கு மேலே ஏறி நின்றது. ஷமீமா அதைப் பிடித்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டாள். என் இடுப்பெலும்பைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செல்வமணி அந்த வெறும் நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிஜ பெல்ட்டை மாட்டினார்.

தஞ்சாவூர்வரை ஹனா தூங்கினாள். தஞ்சாவூர் தாண்டியதும் அழுதாள். பிறகு நிறுத்தினாள். பிறகு அழுதாள். நல்ல தூக்கத்திலிருக்கிற பிள்ளை எப்படிக் கால் மணிக்கு ஒருமுறை எழும் என்று எனக்குச் சந்தேகம். கண்ணை மூடித் தூங்குவது மாதிரி நடித்தேன். சற்று நேரத்தில் முன் சீட்டிலிருந்து மெல்ல ஒரு சத்தம்: "ஹனா... ஹனாக்குட்டி... தாத்தாட்ட வர்றியா?"

"மாமா."

"என்ன?"

"பிள்ளைய எழுப்பி அழவிட்டா தூக்கிருவோம்னு பார்க்கிறீங்களா?"

"நான் ஓதிக்கிட்டு வந்தேன்" என்றார். பிள்ளை பேரைச் சொல்லி ஓதுகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாபநாசம் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னோம். நின்ற வண்டியிலிருந்து பிள்ளையை இறக்கி மாமா கையில் கொடுத்தோம். நான் பெல்ட்டோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் வைத்திருந்தார். லாரி காட்டினார், கோழி காட்டினார், தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அழுகை நின்றுவிட்டது. திரும்பக் கட்டும்போது பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் முனகினார்.

பேரளம் தாண்டி எங்கள் எல்லைக்குள் நுழைந்ததும், எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதை மாமா செய்தார். டக்கென்று பெல்ட்டைக் கழற்றினார்.

"நம்ம ஊர் வந்தாச்சு. இனி எவன் கேக்கப் போறான்? ஷமீமா, பிள்ளையக் குடும்மா. ஜன்னல்ல நம்ம ஊரக் காட்டிக்கிட்டே வரேன்."

"போலீசுக்காகப் போடலையே மாமா" என்றாள் ஷமீமா. ஆனால் குரல் தளர்ந்திருந்தது. இரவெல்லாம் தூங்காதவள். மாமனாரிடம் எத்தனை முறை மறுப்பது? மாமா திரும்பி, சீட்டுக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினார். ஹனாவும் அந்தக் குரலுக்குக் கையைத் தூக்கினாள். ஷமீமாவின் விரல் வார்ப்பூட்டுக்குப் போனது.

நான் அந்த விரலின் மேல் என் கையை வைத்தேன். "வீட்டு வாசல்ல வாங்கிக்குங்க மாமா. இன்னும் பத்துப் பன்னண்டு கிலோமீட்டர்."

"நீ எப்பலேர்ந்து நூரு இவ்வளவு சட்டம் பேசுற?"

"காலையிலேர்ந்து."

சனிக்கிழமை திருநள்ளாறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் முழுகிய ஈரத்தோடு ஜனம் குறுக்கே நடக்கிறது. செல்வமணி மெதுவாகத்தான் போனார். லாட்ஜ் ஒன்றின் சந்திலிருந்து வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் சாலைக்குள் ரிவர்ஸ் வந்தது. செல்வமணி பிரேக்கை மிதித்தார்.

எனக்கு நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளியது மாதிரி பெல்ட் இறுகியது. ஷமீமாவையும் அவள் பெல்ட் பிடித்து நிறுத்தியது. ஹனாவின் சீட்டு இருந்த இடத்தில் இருந்தது. அவள் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மாமா டேஷ்போர்டில் கிடந்தார். மூக்குக் கண்ணாடி காரின் முன் கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே போய்விட்டது. தொப்பி எங்கேயோ. மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் ஒரு புடைப்பு, மணிக்கட்டில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டி அவ்வளவு மெதுவாகப் போயிருந்தது.

"அடி பட்டுச்சா பாய்?" என்றார் செல்வமணி.

மாமாவின் இரண்டு கையும் இன்னும் டேஷ்போர்டை ஊன்றியபடி இருந்தன. விழுகிறபோது அந்தக் கைகள் தன்னைத்தான் பிடித்துக்கொண்டன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து தன் காலி மடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டினார். டக் என்ற சத்தம் வந்ததா என்று இழுத்தும் பார்த்தார். "வீட்டுக்குப் போன பிறகு ஊரக் காட்டிக்கலாம்" என்றார்.

வாசலில் மூன்று மணிக்கு ஹனாவை அவர்தான் இறக்கினார். இறக்கியவர் ராத்திரிவரை கீழே விடவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. வண்டி பேசும்போதே பின் சீட்டுப் பெல்ட் வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் நம்பாதீர்கள், கையை விட்டுப் பாருங்கள். வெறும் நாக்கு செருகியிருந்தால் பிடுங்கிப் போடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது எத்தனை பேர் என்று எண்ணி, அதற்குத் தக்க ஆள் போங்கள். விமானம் பார்க்க வருகிறவர்களுக்குப் பேருந்து இருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்து, ஒரே பெல்ட்டில் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். பிள்ளை அழுதால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். பர்தா போடுகிறவர்கள் துணி மடிப்பை நீவிவிட்டு, வார் உடம்போடு ஒட்டுகிற மாதிரி போடுங்கள். எல்லை தாண்டியதும் கழற்றாதீர்கள், ஊருக்குள்ளேயும் வேன் ரிவர்ஸ் வருகிறது. மிக முக்கியம், கிளம்பும் முன்பே பூட்டு மாட்டுகிறதா என்று பார்ப்பதோடு, கழல்கிறதா என்றும் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. வீடு வந்து எல்லோரும் இறங்கினார்கள். என் பூட்டு கழலவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை என்று ஷமீமா அழுத்திப் பார்த்தாள். செல்வமணி அழுத்திப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் விட்டார்கள். பிரியாணி ஆறிவிடும் என்று மற்றவர்கள் உள்ளே போனார்கள். எனக்குத் தட்டில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். ஷமீமாவைப் பார்க்க வந்த தெருக்காரர்கள் போகிற வழியில் என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து மணி சுமாருக்குப் பேருந்தில் வந்த மூன்று பேரும் தெருவுக்குள் நுழைந்தார்கள். என் வீட்டுக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்து, "மறுபடி எங்க கிளம்பிட்டே?" என்றார். திருச்சிக்கு என்றேன். அந்த நேரம் செல்வமணி ஊசியால் நோண்டிப் பூட்டுக்குள்ளிருந்து முறுக்குத் துண்டு ஒன்றை எடுத்தார். பெல்ட் கழன்றது. அந்த முறுக்கு எங்களுடையது.