டீசலை விற்றுப் போஷகரான கதை

எங்கள் வாய்க்கால் கமக்காரர் அமைப்புக்கு நான் பல வருடங்களாகத் தலைவராக இருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற சிறு கூட்டம் அது. தலைவருக்குச் சம்பளம் கிடையாது, மாலை மட்டும் உண்டு. ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் ஒரு மூத்தவர் எழும்பி என் பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், நான் கையைக் கூப்பி, "வேற ஆரையும் போடுங்கோவன்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்வேன். ஒருவரும் போடமாட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். நாலு புத்தகம் வாசித்தவன். அதிகாரிகளுக்கு முன்னால் நாக்குத் தடுமாறாதவன். ஆகவே அந்தப் பதவி என் நாக்குக்குக் கிடைத்தது என்றே நம்பியிருந்தேன். டீசல் வாகனத்தை விற்றுச் சின்னப் பெற்றோல் கார் வாங்கியபோது, நான் விற்பது வாகனத்தை மட்டும்தான் என்றும் நம்பியிருந்தேன்.

அந்த டீசல், மூன்று வரிசை இருக்கை கொண்ட பழைய ஜப்பான் வாகனம். திறப்பைத் திருப்பி, ஹீற்றர் விளக்கு அணையும்வரை பொறுத்து, அதற்குப் பிறகுதான் ஸ்ராட் பண்ண வேண்டும். நான் பொறுத்துக்கொண்டிருக்கும் அந்த இடைவெளிக்குள் ஒழுங்கையிலிருந்து ஆள் வந்துவிடும்.

"மாஸ்ரர், கிளிநொச்சிக்கே? அம்மாவைக் கிளினிக்கில இறக்கிவிடுங்கோ."

"மாஸ்ரர், வரேக்க ரெண்டு பை யூரியா. பின்னுக்குப் போட்டா ஒண்டும் தெரியாது."

கலியாண வீட்டுக்குப் பொம்பிளை ஏற்றவும், செத்த வீட்டுக்குக் கதிரை ஏற்றவும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனம் ஏற்றவும், அமைப்பு ஆட்களை அரசாங்கக் கந்தோர்களுக்கு ஏற்றவும் அதே வாகனம்தான். ஒருமுறை ஒரு கிடாய் ஆடு முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில், நேரே பார்த்தபடி வந்தது. பின்னால் மனிதர்களுக்கே இடமில்லை. சந்தியில் நின்ற என் பழைய மாணவன் ஒருவன் இருவருக்கும் பொதுவாக வணக்கம் வைத்தான்.

டீசலை விற்பதற்கு நான் ஊருக்குச் சொன்ன காரணங்கள் கௌரவமானவை. புகைச் சான்றிதழ் எடுப்பது பெரும்பாடாகிவிட்டது, பம்ப் பழுது, பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள், வீட்டில் இரண்டு பேருக்கு எட்டு இருக்கை எதற்கு? உள்ளே கிடந்த காரணம் வேறு. காசு வாங்காத பஸ்ஸாக ஓடி எனக்குக் களைத்துவிட்டது. நாலு பேருக்கு மேல் ஏற முடியாத வாகனம் ஒன்று வேண்டும். அதிலும் பின்னால் ஏறுகிறவர்கள், இனி ஏறக்கூடாது என்று தாங்களாகவே முடிவெடுக்க வேண்டும்.

நிறுத்திவைத்திருந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் திரும்பவும் திறந்துவிட்டபோது, கொழும்பில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் வழி காட்டினாள்.

"அப்பா, ஆயிரம் சீசீதான். ஆனா டேர்போ இருக்கு. ஆயிரத்தைஞ்ஞூறு மாதிரி இழுக்கும்."

"அதெப்பிடிப் பிள்ளை?"

"எஞ்சின் வெளியில விடுற புகை போற வழியில ஒரு காத்தாடி இருக்கு. அது சுத்தி, புதுக் காத்தை உள்ளுக்க அமத்திவிடும்."

தான் வெளியே விட்ட காற்றைக் கொண்டே தன்னை ஊதிப் பெருப்பித்துக்கொள்கிற இயந்திரம். அப்படிப் பலரை மேடைகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டென்பதும், அது கூடுதல் வசதியாகக் கருதப்படுகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

டீசலை வாங்கியவர் எங்கள் ஒழுங்கைக்காரர்தான். நான் அதை வவுனியாவுக்குக் கொண்டுபோய் விற்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரும் எங்கள் வாய்க்காலில் வயல் செய்பவர். வாயும் சிரிப்புமான மனிதர். ஊரில் எந்த வேலை நடந்தாலும் அதன் நடுவில் நிற்பார். அவருடைய தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். என்னுடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை வைத்து எங்கள் வாய்க்காலில் ஒரு வரிசை உண்டு; யாழ்ப்பாணம் முன்னால், மலையகம் பின்னால். அதை எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை. மறந்தவரும் ஒருவரும் இல்லை.

"மாஸ்டர், வெளியாளுக்குக் குடுத்துறாதீங்க," என்றார் அவர். "நம்ம ஒழுங்கையிலயே நிக்கட்டும். அது வண்டியில்ல மாஸ்டர், ஒரு ஆளு."

அந்தக் கடைசி வசனத்தை நான் கவிதை என்று எடுத்துக்கொண்டு ரசித்தேன். தமிழ் படிப்பிப்பதில் உள்ள ஆபத்து இது.

புதிய காரை வவுனியாவில் எடுத்து, முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு, மனைவியுடன் வீடு வந்தேன். நல்ல கார். மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும். யோசித்து முடிந்ததும் பாயும். எங்கள் அரச திணைக்களங்களில் இதன் முதற்பாதி மட்டும் நடைமுறையில் உள்ளது. ஏ9 வீதியில் அது காற்றாக வந்தது. எங்கள் கிரவல் றோட்டுக்குத் திரும்பியதும் மதகு ஒவ்வொன்றிலும் வயிறு தேய்ந்து முனகியது. டீசல் அந்த மதகுகளை மதித்ததே இல்லை.

அடுத்த நாள் காலை நான் திறப்பைத் திருப்பினேன். ஹீற்றர் விளக்கும் இல்லை, பொறுப்பதும் இல்லை. ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சுதந்திரம் என்பது இதுதான் என்று மனைவிக்கு விளக்கினேன். ஒரு கிழமை விளக்கினேன். இரண்டாம் கிழமை, படலையடியில் காரை நிறுத்தி, கண்ணாடியைத் துடைக்கிற சாட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கிளினிக்குக்குப் போகிற அந்த அம்மா என்னைக் கடந்து, இரண்டு வீடு தள்ளிப் போய், அங்கே உறுமிக்கொண்டு நின்ற டீசலில் ஏறினார். போகிறபோது, "வடிவான கார் மாஸ்ரர். மெழுகு பூசினனீங்களே?" என்று கேட்டதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு கலியாணம் வந்தது. கார்ட் வீட்டுக்கு வந்தது. ஆனால் முதல் நாளே வந்து, "மாஸ்ரர், நீங்கள் இல்லாமல் என்ன கலியாணம்" என்று கையைப் பிடிக்கும் வழக்கம் வரவில்லை. மண்டபத்தில் முன் வரிசையில் டீசல்காரர் வேட்டி சால்வையோடு இருந்தார். எனக்கு ஐந்தாவது வரிசையில், மின்விசிறி எட்டாத இடத்தில் ஒரு கதிரை.

"எனக்கென்னவோ ஒரு மாதிரிக் கிடக்கு," என்றேன் மனைவியிடம்.

"என்ன மாதிரி? ஊர்ச்சனம் இவ்வளவு நாளும் வாகனத்தைக் கூப்பிட்டவை. அதுக்கு ஒரு ட்ரைவர் வேணுமெண்டு உங்களையும் கூப்பிட்டவை."

"அப்ப தலைவர் பதவி?"

மனைவி பாயாசத்தைக் குடித்தார். என்னுடையதையும் எடுத்துக் குடித்தார். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்தப் பதவியை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் நாற்பது ஆசிரியர்களில் ஒருவன். வீட்டில் நான் எந்த நம்பருக்கு வருவேன் என்று கேட்டுப் பார்க்கவில்லை. வாய்க்கால்கரையில் மட்டும்தான் நான் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் மூடினார்கள். அதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஏற்புரையை எழுதித் திருத்தினேன். நீரையும் நீதியையும் இணைத்து ஒரு பந்தி இருந்தது. குசினிச் சுவருக்கு அதை இரண்டு தரம் பேசிக் காட்டினேன்.

பொதுக்கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. வழமை போல கமநலத் திணைக்களத்து உத்தியோகத்தர் தலைமை தாங்கித் தெரிவை நடத்தினார்.

"சரி, தலைவர் பதவிக்கு ஆரைப் பிரேரிக்கிறியள்?"

எழும்பியவர் எங்கள் வாய்க்காலின் மூத்த கமக்காரர். எனக்குத் தூரத்து உறவு. எல்லா வருடமும் என் பெயரைச் சொல்கிறவர் அவர்தான். நான் கையைக் கூப்பத் தயாரானேன். அவர் டீசல்காரரின் பெயரைச் சொன்னார்.

மண்டபம் அமைதியாகவில்லை. அமைதியாகியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் அது ஏற்கெனவே பேசி முடிந்த காரியம் போலத் தலையை ஆட்டினார்கள். கூப்பப் போன கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் காதடியில் பாடிய ஒரு நுளம்பை அடித்தேன்.

"அப்ப மாஸ்ரர்?" என்று உத்தியோகத்தர்தான் கேட்டார். வெளியூர்க்காரர், பாவம்.

"மாஸ்ரர் படிச்ச மனுசன்," என்றார் மூத்தவர். "நல்லாக் கதைப்பார். அதில குறை சொல்லேலாது. ஆனா அவர் நீர்ப்பாசனக் கந்தோரில கதைக்கிறதுக்கு முதல் நாங்கள் எல்லாரும் அங்க போய்ச் சேர வேணுமெல்லே?"

எல்லோரும் சிரித்தார்கள்; அந்தச் சிரிப்பில் வன்மம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்காவது போயிருப்பேன். டீசல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி நின்று, "மாஸ்டர் இருக்கும்போது நான் எப்படிங்க..." என்று இழுத்தார். அந்தத் தன்னடக்கத்தின் தேய்ந்த இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பல வருடம் நான் பாவித்தது அது.

பிறகு யாரோ பின்னாலிருந்து, "மாஸ்ரரைப் போஷகராப் போடுவம்!" என்று குரல் கொடுத்தார்கள். கைதட்டல் எழுந்தது. போஷகர் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு: சங்கத்திலிருந்து ஒருவரை விலக்கவும் வேண்டும், விலக்கியதாகத் தெரியவும் கூடாது என்றால், எங்கள் ஊர்களில் அவரைப் போஷகர் ஆக்குவார்கள். அவருக்குக் கூட்டத்துக்கு அழைப்பு உண்டு, வாக்கு இல்லை. மாலை உண்டு, இரண்டாவதாக. நான் ஏற்புரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் நன்றி" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. கைதட்டல் முந்திய வருடங்களை விடக் கூடுதலாக இருந்தது.

அடுத்த கிழமை புதிய தலைவர் வீட்டுக்கு வந்தார். வரப்போகும் சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசி வயல்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்று நீர்ப்பாசனக் கந்தோரில் பொறியியலாளரைக் காணப் போகிறார்களாம்.

"நீங்க வந்து பேசணும் மாஸ்டர். எனக்கு அந்த மாதிரித் தமிழ் வராது."

"ஓம், வாறன். நான் என்ர காரில வாறன். ஏசி இருக்கு, மூண்டு பேர் என்னோட வரலாம்."

"அது எதுக்கு? ஒண்ணாப் போய் இறங்கினாத்தான் கூட்டம். உங்களுக்கு ஒரு சீட்டுப் போட்டு வைக்கிறேன்."

போட்டு வைத்த சீட்டு கடைசி வரிசையில், சில்லுக்கு மேலே இருந்தது. என்னுடைய வாகனத்தில் நான் ஒருநாளும் இருந்திராத இடம். முழங்கால் நாடியைத் தொட்டது. முதல் மதகில் தலை கூரையைத் தொட்டது. பக்கத்தில் இருந்த மூத்தவர், என்னைக் கவிழ்த்த அதே மூத்தவர், வெற்றிலையை மென்றபடி என் தொடையில் தட்டினார்.

"மாஸ்ரர், ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது. இண்டைக்குச் செய்யுள் வேண்டாம்."

"ஏன்?"

"நீங்கள் செய்யுளைத் தொடங்க அந்த எஞ்சினியர்ப் பெடியன் ஃபோனை எடுக்கிறான். எத்தினை ஏக்கர், எத்தினை நாள் தண்ணி. அவ்வளவும் சொன்னாக் காணும்."

செய்யுள் சொல்லாமல் பேசினேன். பொறியியலாளர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கடைசியில், "பார்ப்பம்" என்றார். முந்திய வருடங்களில் நீரையும் நீதியையும் இணைத்து நான் வாங்கிக்கொண்டு வந்ததும் இதே 'பார்ப்பம்'தான்.

திரும்பி வரும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. கிரவல் றோட்டில் ஏறியதும் டீசல் தன் முழுக் குரலையும் எடுத்தது. முன்னால் புதிய தலைவர் ஒரு கையால் ஸ்ரேறிங்கைப் பிடித்து, மறு கையை வீசி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"என்ன சொல்லுறார்?" என்று மூத்தவரின் காதுக்குள் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? முன்னால கதைக்கிறது பின்னால ஒண்டும் விளங்காது."

"அப்ப நான் ஓட்டேக்க?"

"அப்பவும் இதே எஞ்சின்தானே மாஸ்ரர்."

ஒவ்வொரு பயணத்திலும் நான் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அமைப்பின் கொள்கைகளை விளக்கி, கடைசியில், "என்ன, சரிதானே?" என்று கேட்பேன். பின்னால் எல்லோரும் ஒரே குரலில், "ஓம், ஓம்" என்பார்கள். இப்படி ஒற்றுமையான சபை வன்னியில் வேறு எங்கேயும் இல்லை என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தலைவரின் கை வீச்சு நின்றது. அவர் தலையைப் பாதி திருப்பினார். கேள்வி கேட்கிற முகம்.

"ஓம், ஓம்" என்றது பின் இருக்கை.

அவருக்கு அது போதவில்லை. கண்ணாடியில் என்னைத் தேடிப் பிடித்து, போஷகர் என்ன நினைக்கிறார் என்று காத்திருந்தார். வாகனம் ஒரு மதகைத் தாண்டிக் குலுங்கியது.

"ஓம்!" என்றேன் நான், முன்னால் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

அவர் முகம் மலர்ந்தது. கையை மறுபடி உயர்த்தி, அடுத்த விசயத்தைத் தொடங்கினார்.