வலப்பக்கம் சுற்றிய நார்

பி.காம். முடித்துவிட்டு ஓலைப்பெட்டி முடைகிறேன் என்று சொன்னால் தென்காசியில் பலருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் பெட்டிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் ஏதாவது தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கலை அறக்கட்டளைக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் ஆறு வாரம் இருந்து பிள்ளைகளோடு வேலை செய்ய முடியுமா என்று கேட்டபோது கொஞ்சம் மிதப்பாகவே சரி என்றேன்.

இருப்பது என்றால் அங்கேயே படுத்துறங்குவதில்லை. காலையில் ஆய்க்குடிப் பக்கம் போகும் பேருந்தைப் பிடித்துப் பள்ளிக்குப் போக வேண்டும். எனக்கென்று ஒதுக்கிய அறையில் என் வேலையை நான் செய்வேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து கூடச் செய்வார்கள். கடைசியில் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்து எல்லாவற்றையும் கண்காட்சியாக வைப்பார்கள். எனக்குக் கிடைத்தது பழைய அறிவியல் ஆய்வகம். சுவரில் மனித எலும்புக்கூட்டின் படம். அமிலம் கொட்டிக் கறுத்துப்போன தொட்டிகளில் ஓலையை நனையப் போட்டோம். அதுவரை நான் பார்த்த அறைகளில் ஓலை வேலைக்கு அதைவிட வசதியானது கிடையாது.

முதல் நாள் எல்லோரும் என் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் எனக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். திமிர் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவள் இடக்கைக்காரி. எதிரே இருந்து பார்த்தால் என் வலக்கை செய்வது கண்ணாடியில் தெரிவதுபோல அவள் இடக்கைக்கு அப்படியே பொருந்தியது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். எனக்கே தோன்றாத யோசனை அது.

நான்காவது வாரம் அவள் பெட்டி வாய் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் இன்னும் அடியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் தானாகப் பேசினாள்.

"எங்கம்மா பாவூர்சத்திரம் மார்க்கெட்ல சின்ன வெங்காயம் விக்காங்க டீச்சர். நான் பீச்சாங்கையால தொட்டது எதுவும் வெளங்காதும்பாங்க. குத்தாலத்துக்கு வாறேன்னு சொல்லிருக்காங்க. இந்தப் பெட்டிய மொதல்ல அவங்க கையில குடுத்துரணும். அதுக்கப்புறம்தான் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"எந்தக் கையால செஞ்சேன்னு."

சரி, நன்றாக இறுக்கிக் கட்டு என்று மட்டும் சொன்னேன்.

வாய் கட்டுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பெட்டியின் விளிம்பில் ஈர்க்குகளை அடுக்கி, பனை நாரால் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டு தளர்ந்தால் பெட்டி போச்சு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே கிடக்கும் பெட்டியின் வாயைத்தான் என் கண் தேடும். தளர்வான கட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். வலக்கைக்காரர்கள் சுற்றினால் நார் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். பிறந்ததிலிருந்து அந்தச் சாய்வை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு நாற்பது பெட்டிகளையும் மேசையில் பரப்பினேன். முதல் பெட்டியின் வாய் தொளதொளவென்று இருந்தது. இதையா குற்றாலத்தில் என் பெயரைப் போட்டு வைப்பார்கள் என்று எரிச்சல் வந்தது. அறுத்துவிட்டுப் புது நார் போட்டுக் கட்டினேன். அடுத்ததும் அப்படியே. பிறகு பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை. எடு, அறு, கட்டு என்று கை தன் பாட்டுக்கு ஓடியது. நடுவில் ஒரு பெட்டியில் நார் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு கணம் கை நின்றது. தப்பாகச் சுற்றியிருக்கிறது என்று நினைத்தேன், அறுத்தேன். உள்ளே பெயர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

மறுநாள் சாரல் விடாமல் விழுந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். நேந்திரம் சிப்ஸ் எங்கே என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். தலைமையாசிரியைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நாற்பதும் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது என்றார். அறக்கட்டளை அம்மாள் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பதினொரு மணிவாக்கில் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தன் பெட்டியை எடுக்கக் கை நீட்டியவள், விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று தடவினாள். விரல் நின்றது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த அந்தக் கட்டு இவளுடையது.

அதற்குள் அம்மா பெட்டியை வாங்கிவிட்டார். மார்க்கெட்டில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவர். வாயைப் பிடித்து உலுக்கினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டிருக்க. நார் சாயுதத பாத்தாலே தெரியுதே, சோத்தாங்கையால சுத்தினதுன்னு. பாத்தியாட்டி, இந்தக் கையால செஞ்சா எப்படி நிக்குது. எத்தன தடவ சொல்லிருப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பதுபோல ஒரு பார்வை.

"ஆமாம்மா," என்றாள்.

பக்கத்திலேயே தலைமையாசிரியை நின்றார், படம் எடுக்கிறவரும் நின்றார். நான் வாயைத் திறந்தால் நாற்பது பெட்டியின் கதையும் வெளியே வரும். பேசாமல் இருந்துவிட முடியும் என்று ஒரு நிமிடம் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

"இல்லம்மா," என்றேன். "அது என் கட்டு. எல்லாப் பெட்டிக்கும் நேத்து நான்தான் திருப்பிக் கட்டினேன். ஒங்க மக இடது கையால கட்டிருந்தா. அத நான் அறுத்துப் போட்டுட்டேன்."

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்துது. நாப்பதுல அது ஒண்ணுதான் நல்லா இருந்துது."

அம்மா பெட்டியைப் பார்த்தார். மகளின் இடக்கையைப் பார்த்தார். பிறகு என்னிடம், குரல் உயர்த்தாமல், வெங்காயத்துக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அறுத்துப் போட்டுட்டு நல்லா இருந்துதுன்னு சொன்னா, நான் எதப் பாத்து நம்ப?"

தலைமையாசிரியை எங்கோ பார்த்தார். அந்தப் பிள்ளை பெட்டியை அம்மா கையிலிருந்து வாங்கி, உள்ளே தொங்கிய அட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் சாரலில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

கண்காட்சி முடியும்வரை அந்த ஒரு பெட்டி மட்டும் பெயரில்லாமல் இருந்தது. இது யார் செய்தது என்று கேட்டவர்களிடம், நான் என்று சொன்னேன்.